மேலே விழும் அருவி

வெகு காலத்துக்கு முன்னால் குளிர்க்கோட்டை என்ற நாட்டைக் கோப்பெருமாள் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடந்தாக வேண்டும், அது ஒன்றுதான் அவரிடம் தொல்லை.

அந்த நாட்டில் ஒரு மலைக்காடு. அங்கே பல் துலக்கும் குச்சிக்குக்கூடக் கிளை ஒடிக்கக் கூடாது என்பது ராஜாவின் பாட்டனார் போட்ட கட்டளை. காட்டைக் காவல் காத்தவள் மருதாயி. காட்டுக்குள் ஒரு விசித்திர அருவி இருந்தது. ஆடி பிறந்தால், மலைச்சுவரில் மோதி எழும்பும் காற்று விழுகிற தண்ணீரை அப்படியே அள்ளி மேலே வீசிவிடும். ஒரு சொட்டும் தரைக்கு வராது.

ஓர் ஆடியில் ராஜா பரிவாரத்தோடு குளிக்க வந்தார். உச்சி முதல் உள்ளங்கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கடியில் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். தலை நனையவில்லை. எண்ணெய்தான் கண்ணில் வழிந்தது.

அரண்மனை அதிகாரி நரசராயருக்கு மருதாயியைக் கண்டாலே ஆகாது. தன் மாளிகைக்குத் தேக்கு வெட்ட வந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவள் அவள். இதுதான் சமயம் என்று ராயர் குனிந்து, "பிரபு, அருவிக்கு என்ன திமிர் பாருங்கள். இந்தக் காட்டை வெட்டி உயரமாய் ஒரு மரச்சுவர் எழுப்பினால் காற்று அடங்கும். தண்ணீர் தானாகத் தங்கள் காலடியில் விழும்" என்றார்.

"வெட்டுங்கள்" என்றார் ராஜா, கண்ணைக் கசக்கிக்கொண்டே.

அவை மருதாயி எத்தனை கோடையில் தீயை அடித்து அணைத்துக் காப்பாற்றிய மரங்கள். ஆனாலும் பதற்றத்தை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் முன்னால் வந்தாள்.

"மகாராசா, ஒரு மரம் சாயாம இப்பவே உங்களை இந்த அருவியில குளிக்க வைக்கிறேன். முடியலைன்னா முதல் வெட்டு என் கழுத்துல விழட்டும்."

"நடத்திக் காட்டிவிட்டால்?"

"காடு பழையபடி இருக்கட்டும், சாமி. வேற ஒண்ணும் வேண்டாம்."

ராயர் சிரித்தார். "பிரபு, அருவித் தண்ணீரில் தங்கள் தலை நனைந்தால், தாங்கள் எதைச் சொன்னாலும் செய்கிறேன்."

மருதாயி ராஜாவை ஒற்றையடிப் பாதையில் மலையுச்சிக்குக் கூட்டிப்போனாள். "அருவின்னா கீழதான் நிக்கணும்னு யாரு சொன்னது, மகாராசா? தண்ணி போற இடத்துக்கு நாமதான் போகணும்" என்று சொல்லி, விளிம்பைவிட்டுத் தள்ளி ஒரு பாறையில் உட்கார வைத்தாள். அடுத்த வீச்சில் அருவி எழும்பி வந்து ராஜாவின் தலையில் கொட்டியது. ராஜா குழந்தை மாதிரி கைகொட்டிச் சிரித்தார். எண்ணெய்ப் பிசுக்கு முழுக்கப் போகிறவரை எழுந்திருக்கவே இல்லை.

இறங்கி வந்ததும் ஈர முடியை உதறிக்கொண்டு, "பாட்டனார் கட்டளை நிற்கும். காட்டில் ஒரு கிளையும் ஒடியக் கூடாது" என்றார். பிறகு ராயரைப் பார்த்தார். "நீரும் குளித்துவிட்டு வாரும். அவசரமில்லை. இந்த இடத்திலேயே நின்று, இதே அருவியில் தலை நனைந்த பிறகு சபைக்கு வந்தால் போதும்."

ராயர் மேலே பறக்கும் தண்ணீரைப் பார்த்தார். மருதாயியிடம் திரும்பினார். "தாயே, இந்தக் காற்று எப்போது அடங்கும்?"

"ஐப்பசியில அடங்கிடுங்க" என்றாள் மருதாயி. "அதுவரைக்கும் இங்கதானே இருப்பீங்க? யாராச்சும் தேக்கு வெட்ட வந்தா ஒரு சத்தம் கொடுங்க."