மஞ்சள் கோட்டில் நின்றவர்கள்

குருவுக்கு முப்பத்தொரு வயது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. குருவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சீடருக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் பிறர் சொல்வதை லேசில் கேட்கிற ஆள் இல்லை.

குருவின் பெயர் பெனிட்டா. மாவட்டக் காது கேளாதோர் சங்கத்தின் செயலாளர். சனிக்கிழமைதோறும் சங்கத்து ஹாலில் சைகை மொழி சொல்லிக்கொடுப்பார். சீடர் சிதம்பரநாதன், முப்பது வருஷம் மென்பொருள் வேலை பார்த்தவர். இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் கையாலும் முகத்தாலும்தான். படிக்கிற நமக்காக வாய்ப்பேச்சாக மாற்றியிருக்கிறேன். மாற்றும்போது கொஞ்சம் சிந்தியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரநாதன் இந்த மொழியைப் படிக்க வந்தது தங்கைக்காக. காது கேளாத அவள் ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். எங்கே வலி, எப்படி வலி என்று அவள் சொன்னது அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. வாயு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குடல்வால் வெடித்து மயிரிழையில் பிழைத்தாள். கையைப் பார்த்துத் தமிழில் சொல்லும் இயந்திரம் ஒன்றைச் செய்யாமல் ஓய்வதில்லை என்று அன்றைக்கே அவர் முடிவு கட்டினார்.

இரண்டு வருஷம் பெனிட்டாவிடம் படித்தார். தான் படித்ததோடு நில்லாமல் ஆயிரக்கணக்கான வீடியோக்களைக் காட்டி இயந்திரத்தையும் படிக்கவைத்தார். மூன்று மாதமாக அது ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் கவுன்ட்டரில் இருக்கிறது. தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதில் நின்று கையால் பேசினால் திரையில் தமிழில் எழுத்து வரும். சரியாக வந்தால் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும், தப்பாக வந்தால் சிவப்பு. அமுக்கிய நிறம் திரையிலும் தெரியும். ஒவ்வொரு நாளின் பதிவும் மறுபடி இயந்திரத்துக்கே பாடமாகப் போகும்.

ஒரு சனிக்கிழமை சிதம்பரநாதன் வகுப்புக்கு முன்பே வந்து நின்றார். முகமெல்லாம் பல்.

"டீச்சர், தொண்ணூத்தொண்ணு!"

"என்ன தொண்ணூத்தொண்ணு?"

"நூறு தடவை பேசினா தொண்ணூத்தொரு தடவை சரியா சொல்லுது. முதல் வாரம் வெறும் அறுபத்திரண்டு. தானாவே படிச்சுப் படிச்சு ஏறிடுச்சு."

பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள். சங்கம் கையெழுத்துப் போட்டால் மாவட்டத்தில் எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் இயந்திரம் போகும். ஆஸ்பத்திரிக்கு ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சங்கம் எட்டு வருஷமாகக் கேட்டு வருகிறதே, அதற்குப் பதிலாக அந்தக் கோரிக்கையைக் கைவிட வேண்டும். ஆள் அல்லது இயந்திரம், இரண்டில் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

பெனிட்டா கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"டீச்சர், இது தேறிடுச்சா? சொல்லுங்க."

"பாத்துட்டுச் சொல்றேன்."

திங்கட்கிழமை காலையில் பெனிட்டா ஆஸ்பத்திரிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இயந்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரிசையைப் பார்த்தபடி. சிதம்பரநாதனுக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், மெஷின் அந்தப் பக்கம் இருக்கு."

"தெரியும்."

அன்று முழுக்க அவ்வளவுதான் பேச்சு.

செவ்வாய்க்கிழமை சிதம்பரநாதனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன பாக்கறீங்க?" என்று பெனிட்டா கேட்டார்.

"எல்லாம் பச்சையாத்தான் வருது."

"திரையை விடுங்க. வரிசையைப் பாருங்க."

பார்த்தார். தையல்கடை அமீர் சர்க்கரை மாத்திரை வாங்கிய பிறகும் வீட்டுக்குப் போகாமல் வரிசையோடு நின்றிருந்தார். அவருக்கும் காது கேட்காது. புதிதாக வருகிறவர்களைப் பிடித்துப் பிடித்துப் பழக்கிக்கொண்டிருந்தார். பையைக் கீழே வை. முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொள். முகத்தைச் சுளிக்காதே, புருவத்தைத் தூக்காதே. ஒரு சொல், கையைக் கீழே போடு. அடுத்த சொல், மறுபடி கீழே போடு. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் தோற்றார்.

ஒரு பெரியம்மா இரண்டு முறை சிவப்பு வாங்கித் திரும்பினார். அமீர் அவரைச் சுவர் ஓரமாக நிறுத்தி மூன்று தடவை சொல்லவைத்து அனுப்பினார். இந்தத் தடவை பச்சை. வரிசையில் இருந்தவர்கள் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள். அவர்களுக்கு அதுதான் கைதட்டல்.

சிதம்பரநாதன் நெகிழ்ந்துபோனார். "எவ்வளவு ஒத்துழைப்பு பாத்தீங்களா டீச்சர்!"

பெனிட்டா அமீரைக் கூப்பிட்டார். "பாய், எதுக்கு இவ்வளவு சிரமம்?"

"அதுக்கு நம்ம பேச்சு புரியாதும்மா, பாவம்" என்றார் அமீர். "காது கேக்கறவங்ககிட்ட காலம் முழுக்க இப்படித்தானே அனுசரிச்சுப் போறோம்? இதோடயும் பழகிட்டாப் போச்சு."

சிதம்பரநாதனுக்கு என்னவோ போல இருந்தது. திரையில் அடுத்த பச்சை வந்ததும் அது மறந்துபோயிற்று.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்தாள். இடது கையால் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் படபடவென்று பேசினாள். கோட்டைக் கவனிக்கவே இல்லை.

சிதம்பரநாதன் திரையைப் பார்த்தார். குழந்தை, பொம்மை, வேண்டும் என்று வந்தது. கவுன்ட்டரில் இருந்த நர்ஸ் குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பெண் சிவப்பை ஓங்கி அடித்துவிட்டு மறுபடி பேசினாள். இரண்டு கைகளையும் காட்டவும், கோட்டில் நிற்கவும் என்றது திரை.

அமீர் நல்ல மனசோடு ஓடிவந்து குழந்தையை வாங்கக் கை நீட்டினார். என்னிடம் கொடு, நேராக நில், மெதுவாகச் சொல். அவள் கொடுக்கவில்லை. சிதம்பரநாதனின் கண் இன்னும் திரையிலேயே இருந்தது. மூன்றாவது முறை சரியாக வந்துவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

முதுகில் பலமாக ஓர் அறை விழுந்தது. அடித்தது பெனிட்டா.

"உங்களுக்குக் கண் இருக்கில்ல? அவளைப் பாருங்க!"

பார்த்தார். ஒரே ஒரு கை, அழுகையில் கோணிய முகம், சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லை. ஆனாலும் ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"சிஸ்டர்!" என்று கத்தினார். "குழந்தை பொம்மையோட பேட்டரியை முழுங்கிடுச்சு! சின்ன வட்ட பேட்டரி! குழந்தையைத் தூக்குங்க!"

நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடினாள். ஒரு மணி நேரத்தில் பேட்டரியை எடுத்துவிட்டார்கள், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் வந்து சிதம்பரநாதனின் கையைக் குலுக்கினார். இன்னும் தாமதமாகியிருந்தால் உள்ளே புண்ணாகியிருக்கும் என்றார். சிதம்பரநாதனுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. அந்த மொழி தெரிந்த மனிதர் அவர். நாலடி தூரத்தில் நின்றுகொண்டு அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கை பேச்சையும் அதுக்குப் படிக்கவைக்கறேன் டீச்சர்" என்றார் மாலையில். "தொண்ணூத்தொண்ணு படிச்சது இதைப் படிக்காதா?"

பெனிட்டா வேறொன்று கேட்டார். "முதல் வாரத்துப் பதிவு வெச்சிருக்கீங்களா?"

"இருக்கு. அந்த வாரம் கணக்கெடுத்த நூறு பேச்சும் அப்படியே இருக்கு."

"இன்னிக்கு இருக்கற மெஷினுக்கு அதைப் போட்டுக் காட்டுங்க."

வியாழக்கிழமை சங்கத்து ஹாலில் இருவரும் உட்கார்ந்து நூறையும் ஒவ்வொன்றாக ஓட்டினார்கள். முதல் வாரம் வந்தவர்கள் அவரவர் பேசுகிறபடி பேசியிருந்தார்கள். ஒருவர் தோளில் பையோடு, ஒருத்தி கையில் காபி டம்ளரோடு. நடுவில் அமீரும் வந்தார். கால் எரிச்சலைச் சொல்லும்போது முகம் முழுக்கச் சுருங்கியது, புருவம் நெற்றிக்கு ஏறியது, தோள் குலுங்கியது. பேச்சின் நடுவே பக்கத்து ஆளிடம் ஏதோ கேலி செய்துவிட்டுச் சிரித்தார். நல்ல அழகான பேச்சு. இன்றைய இயந்திரமும் அதைத் தப்பாகத்தான் எழுதியது.

மத்தியானம் சிதம்பரநாதன் கணக்குக் கூட்டினார். மறுபடி கூட்டினார்.

"எத்தனை?" என்றார் பெனிட்டா.

"அறுபத்திரண்டு."

பெனிட்டா தாளை வாங்கித் தானும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.

"அதே அறுபத்திரண்டு" என்றார் சிதம்பரநாதன். "மூணு மாசமா நாள் தவறாம படிச்சுதே டீச்சர்!"

"யாரு?"

சிதம்பரநாதனின் கைகள் அப்படியே நின்றன. சுவர் ஓரமாகத் திரும்பி நின்று மூன்று தடவை சொல்லிப் பார்த்த அந்தப் பெரியம்மா நினைவுக்கு வந்தார்.

பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு புதிதாக ஒரு தாளை எடுத்தார்.

"நாளைக்கு அறுபத்திரண்டுன்னே சொல்லப்போறேன். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஆள் கட்டாயம் வேணும்னு நானே எழுதறேன். அதுக்காக மெஷினை விட்டுட மாட்டேன். அவங்க அவங்க வீட்டுல எப்படிப் பேசறாங்களோ அதை வெச்சு முதல்லேருந்து ஆரம்பிக்கறேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. உங்க ஆளுங்க சொல்லிக்குடுக்க வருவாங்களா டீச்சர்?"

"வருவோம்" என்றார் பெனிட்டா. "நீங்க விடாத வரைக்கும் நாங்களும் விட மாட்டோம்."

சிதம்பரநாதன் எழுத ஆரம்பித்தார். நாலு வரி போனதும் பேனா நின்றது.

"என்ன?"

"தொண்ணூத்தொண்ணுன்னு அதிகாரிங்ககிட்ட ஏற்கெனவே சொல்லியாச்சு. மிச்சம் இருபத்தொன்பது எங்கே போச்சுன்னு கேப்பாங்களே டீச்சர். என்ன எழுதறது?"

"அது எங்கேயும் போகல" என்றார் பெனிட்டா. "அமீர் பாயும் வரிசையில நின்னவங்களும் மூணு மாசம் படிச்சு வாங்கின மார்க் அது. அவங்க பேரைப் போட்டு எழுதுங்க."