வழுக்கு மரத்தடியில் ஒரு கூட்டணி

முன்னொரு காலத்தில் கொடும்பாறை நாட்டைச் சேதிராயன் என்றொரு ராஜா ஆண்டான். மகா சந்தேகப் பிராணி. தன் நிழல் பின்னால் வந்தால்கூடத் திரும்பி நின்று, "உன்னை யார் அனுப்பியது?" என்று அதட்டுவான். நிழல் வாய் திறக்காததால் சந்தேகம் இன்னும் கூடும்.

ஒருநாள் மந்திரி ஏகம்பர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "ஊரெல்லாம் உம்மையே கெட்டிக்காரர் என்கிறதே, ஏன்? திருவிழாவில் வழுக்கு மரம் நடுவேன். உச்சியில் இருக்கும் பட்டுத் தலைப்பாகையை எடுப்பவனுக்கே மந்திரிப் பதவி. நீர் தோற்றால் பெண்டாட்டி பிள்ளைகளோடு எல்லையைத் தாண்டிவிட வேண்டும்!"

ஏகம்பர் ஒல்லி, ஓணான் மாதிரி மரமேறுவார். அவர்தான் ஜெயிப்பார் என்று சந்தையெல்லாம் பேச்சு. பொக்கிஷக்காரர் கட்டியப்பருக்கு அடிவயிறு எரிந்தது. சேனாபதி மல்லாண்டாரையும் சோதிடர் வேம்பையரையும் கோயிலுக்கு இழுத்துப்போய்க் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினார்.

"ஏகம்பன் ஏறினால் காலைப் பிடித்து இழுக்க வேண்டும்."

"கால் இரண்டுதானே, நான் எதை இழுப்பது?" என்றார் சோதிடர்.

"வேட்டியை இழும் ஐயா!"

திருவிழா அன்று ஏகம்பர் ஒரு விநோதம் கண்டார். விஷத்துக்குப் பயந்து ஒருவர் கையால் ஒருவர் தண்ணீர் வாங்காத அரண்மனையில், அந்த மூவரும் ஒரே பெட்டியில் வெற்றிலை எடுத்து மென்றுகொண்டிருந்தார்கள். 'சங்கதி இருக்கிறது' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மரத்தில் பூசிய விளக்கெண்ணெயைக் கேட்கிறீர்களா? உட்கார வந்த ஈ வழுக்கிப் பக்கத்து ஊரில் போய் விழுந்தது!

பறை முழங்கியது. ஏகம்பரோ சாவகாசமாகத் தரையில் உட்கார்ந்தார்.

"பெரியவர்கள் முந்தட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னை இறக்குவதென்று பேசி முடித்துவிட்டீர்கள், சரி. உங்களில் யாரை ஏற்றுவதாகப் பேச்சு?"

"என்னைத்தான்!" என்றன மூன்று வாய்களும்.

மூவரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள்.

"ஓய் கட்டியப்பரே, உம்மையா? எப்போது சொன்னீர்?" என்றார் சேனாபதி.

"பின்னே, உம்ம உடம்பு ஏறுமா?"

மல்லாண்டார் பாய்ந்து மரத்தைக் கட்டிப்பிடித்தார். மற்ற இருவரும் காலை வாரினார்கள். அடுத்துக் கட்டியப்பர் ஏறினார். அவர் வேட்டி சோதிடர் கையோடு வந்தது. சோதிடர் ஏறினார், சேனாபதி குடுமியைப் பிடித்தார். "துரோகி!" "நீதானடா துரோகி!" ஏறுவதும் சறுக்குவதுமாக வெயில் உச்சிக்கு வந்தது. மரத்து எண்ணெய் முழுக்க மூன்று தொந்திகளில் ஏறி, மரம் வெறும் கட்டையாக நின்றது.

ஏகம்பர் எழுந்தார். உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்தார். விறுவிறுவென்று ஏறித் தலைப்பாகையோடு இறங்கினார்.

"நில்லும்!" என்றான் ராஜா. "மரத்தைத் துடைத்தது யார்?"

"தங்கள் சபைப் பெரியவர்கள்தான், மகாராஜா. வயிற்றாலேயே துடைத்தார்கள். கூலிகூடக் கேட்கவில்லை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். தன் முத்துமாலையை ஏகம்பர் கழுத்தில் போட்டான். எண்ணெயும் புழுதியுமாக மூவரையும் நாலு வீதியும் நடக்கவைத்தான்.

"நாளைக்கே இவர்களை விரட்டிவிடுகிறேன்."

"வேண்டாம், மகாராஜா."

ராஜாவின் கண் சுருங்கியது. "ஏன் பரிந்து பேசுகிறீர்? உமக்கு உறவா?"

"உறவில்லை. இவர்கள் போனால் புதிதாக மூன்று பேர் வருவார்கள். அவர்கள் நிஜமாகவே ஒற்றுமையாக இருந்துவிட்டால், நான் என்ன செய்வேன்?"

அந்த மூவரும் பல் விழும்வரை பதவியில் இருந்தார்கள். ஏகம்பரும் இருந்தார்.