நின்னு வாங்கின கப்பு

"மாஸ்டர், லீக் ஜெயிச்சும் ஜெயிச்ச மாதிரியே இல்லையே, ஏன்?"

தனபால் வந்ததும் வராததுமா இதைத்தான் கேட்டான். வணக்கம்கூடச் சொல்லல.

எபநேசர் மாஸ்டர் நிமிர்ந்து பார்க்கல. கோல் போஸ்ட்டுக்கு நடுவுல, கீப்பர் விழுந்து விழுந்து ஆன பள்ளத்துல மண்ணு கொட்டிக்கிட்டு இருந்தார்.

"அந்த மண்ணுப் பாண்டை எடு."

எடுத்தான். வேற வழி? பத்து வருஷம் அவர்கிட்ட ஆடினவன். இப்போ அவனே ஒரு ஃபுட்பால் டீமுக்குக் கோச். பதினாலு வயசுக்கு உட்பட்ட பசங்க. போன ஞாயிறு லீக் கப்பு அவங்களுக்குத்தான் வந்துச்சு. ரெண்டாவது வந்தது மாஸ்டர் டீம். வித்தியாசம் ஒரே ஒரு பாயிண்ட்.

தோத்தவர்கிட்ட போய் இப்படிக் கேக்கக் கூடாதுன்னு தனபாலுக்கும் தெரியும். கேக்க வேற ஆள் இல்ல.

"பதினெட்டு ஞாயித்துக்கிழமை மாஸ்டர். காலைல அஞ்சு மணிக்கு எழுந்து, வராதவன் வீட்டுக் கதவைத் தட்டி இழுத்துட்டு வந்து ஆடினோம். கடைசி மேட்சுக்கு எதிர் டீம் வரவேயில்ல. ரெஃப்ரி வாட்சைப் பார்த்துக்கிட்டு பதினஞ்சு நிமிஷம் நின்னார். பசங்களும் நின்னாங்க. விசில் ஊதினார். நாங்க சாம்பியன்."

"சரி."

"ஒருத்தனும் குதிக்கல. ஒருத்தன், 'வீட்டுக்குப் போலாமா சார்'னு கேட்டான்."

மாஸ்டர் கொட்டின மண்ணை மிதிச்சார்.

"மே மாசம் டோர்னமென்ட் ஜெயிச்சோம்ல? ஒரே நாள். மூணு மேட்ச். அதுல ரெண்டு, பெனால்ட்டி வரைக்கும் போச்சு. அந்த ஒரு நாளை இன்னும் பேசுறானுங்க. யாரு எந்தப் பக்கம் அடிச்சான், யாரு அழுதான், பிரியாணில யாருக்கு முட்டை கிடைக்கல, எல்லாம். தெரு முனைல ஃப்ளெக்ஸ் இன்னும் தொங்குது. லீக் கப்பு எங்க வீட்டு பீரோ மேல கிடக்கு. அம்மா அதுல சீப்பு போட்டு வச்சிருக்காங்க."

"நல்லது. சீப்பை எலி எடுக்காது."

தனபால் சிரிக்கல. சட்டைப் பையிலிருந்து மடிச்ச தாளை எடுத்துக் காட்டினான்.

"அடுத்த வருஷம் லீக் வேணாம்னு எழுதிட்டேன். டோர்னமென்ட் மட்டும் ஆடிக்கிறோம். ஆறு மணிக்குள்ள செக்ரட்டரிகிட்ட குடுக்கணும். முடியல மாஸ்டர். அசந்துபோச்சு."

"போய்க் குடு. அதுக்கு முன்னாடி சொல்லு, ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சியே, அது எந்தப் பாயிண்ட்?"

"எந்தப் பாயிண்ட்னா? மொத்தமா கூட்டினா ஒண்ணு ஜாஸ்தி."

"எந்த மேட்ச்ல வந்துச்சு?"

"அதெப்படிச் சொல்ல முடியும்?"

மாஸ்டர் திரும்பினார். குழாயடியில அவரோட பசங்க மூணு பேர் கால் கழுவிக்கிட்டு இருந்தானுங்க.

"டேய், நம்ம கப்பு எங்கடா போச்சு?"

"ரயில்வே கிரவுண்டு மேட்ச்ல மாஸ்டர்," கீப்பர் வசீகரன் உடனே சொன்னான். "கைக்கு வந்த பந்தை வுட்டேன்ல."

"மூஞ்சப் பாரு. அதுக்கு முன்னாடியே போச்சு," பக்கத்துல இருந்தவன் சொன்னான். "நாலாவது வாரம். நான் பஸ்ல தூங்கி ஸ்டாப்பை வுட்டுட்டேன். பாதி ஆட்டம் பத்து பேரோட ஆடினீங்க."

"ரெண்டும் இல்லடா. மழை மேட்ச்." இது ரீகன். கோல் அடிக்கிறவன். ஒல்லி.

மூணு பேரும் அடிச்சுக்க ஆரம்பிச்சானுங்க. கப்பைத் தொலைச்சது நீயில்ல, நான்தான்னு. இப்படி ஒரு சண்டையை தனபால் பார்த்ததில்ல.

ரீகன் ஈரக்காலோட கிட்ட வந்தான்.

"சார், மழைல உங்களோட ஆடினோம்ல? ஒண்ணுக்கு ஒண்ணு. கடைசி நிமிஷம் நான் அடிச்சது உங்க கீப்பரைத் தாண்டிருச்சு. நான் கையைக்கூடத் தூக்கிட்டேன். உங்க நாலாம் நம்பர் சேத்துல சறுக்கிக்கிட்டே வந்து கோல் கோட்டு மேலருந்து எடுத்தான். அவன் பேரு இன்னா சார்?"

மழை தனபாலுக்கு ஞாபகம் இருந்துச்சு. எப்படா முடியும்னு குடைக்குள்ள நின்னது ஞாபகம் இருந்துச்சு. நாலாம் நம்பர் ஞாபகம் இல்ல. அவன் டீம்ல நம்பர் யாருக்கும் சொந்தமில்ல. மூட்டையைப் பிரிச்சதும் கைக்குக் கிடைச்ச சட்டையை மாட்டிக்குவானுங்க.

"தெரியலப்பா."

"உங்க டீம் சார்."

தனபால் போனை எடுத்து அவன் கேப்டனைக் கூப்பிட்டான். டீம் மொத்தமும் அங்கதான் இருந்துச்சு போல. ஒரே கூச்சல்.

"கிறிஸ்டோ, மழை மேட்ச்ல கோட்டு மேலருந்து பந்தை எடுத்தது யாருடா?"

"எந்த மழை மேட்ச் சார்?"

"எபநேசர் மாஸ்டர் டீமோட."

"டேய், யாருடா அது?" கிறிஸ்டோ அந்தப் பக்கம் கேட்டான். கூச்சல் அடங்குச்சு. அப்புறம் வேற குரல்.

"நான்தான் சார். இன்பராஜ்."

இன்பராஜ். பதினெட்டு வாரமும் வந்தவன். டோர்னமென்ட் அன்னிக்கு மூணு மேட்சும் பெஞ்சுல உக்கார்ந்தவன்.

"ஏன்டா சொல்லவேயில்ல?"

"என்னன்னு சொல்றது சார். டிரா தானே ஆச்சு."

ரீகன் போனைப் பிடுங்காத குறையா வாங்கினான்.

"டேய், நாலாம் நம்பர், மூணு மாசமா உன்னத் தேடினுகீறேன். அது எப்படிடா உன் காலுக்கு எட்டுச்சு?"

அந்தப் பக்கம் இன்பராஜ் மெதுவாத்தான் ஆரம்பிச்சான். அப்புறம் நிறுத்தவேயில்ல. ரீகன் போனைக் காதுல வச்சுக்கிட்டே மைதானத்துல நடந்தான், நடுநடுவுல "ஆமாண்டா, ஆமாண்டா"ன்னுக்கிட்டு.

"மணி அஞ்சே முக்கால்," மாஸ்டர் சொன்னார். "செக்ரட்டரி கெளம்பிடுவார்."

"அவன் பேசி முடிக்கட்டும் மாஸ்டர்."