புலி வராத நாளில் எழுந்த குரல்

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. சிரிக்காதீர்கள் குழந்தைகளே, உண்மையாகவே இருந்தது! ஓடைக்கரையில், பெரிய மருத மரத்தின் கீழே. அங்கே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: காவல்.

மானைத் தேடிப் புலி வந்தால் மந்தி கத்த வேண்டும். மந்தியைத் தேடிச் சிறுத்தை வந்தால் மான் கத்த வேண்டும். 'என்னைத் தேடி வரவில்லையே' என்று யாரும் சும்மா இருக்கக் கூடாது. ஆனால் வீணாகக் கத்தினால் அன்றைக்கே கல்லூரியை விட்டு வெளியேற வேண்டியதுதான்.

அந்த வகுப்பின் முதல் மாணவி ஓர் ஆள்காட்டிக் குருவி. புறா அளவு உடம்பு, குச்சிக் கால்கள். ஆனால் அது குரல் கொடுத்தால் மூன்று மலைக்கும் கேட்கும். அப்படி ஒரு தொண்டை!

ஒரு நாள் காலை எல்லாரும் ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கரை மலையிலிருந்து படிக்க வந்திருந்த கரடியும் வந்து தலை குனிந்தது.

"ஏய், நில்!" என்றது மயில். தன் அழகில் அதற்கு அத்தனை கர்வம். "உன் கறுப்பு தண்ணீரில் கரைந்தால் நாங்கள் எப்படிக் குடிப்பது? கீழே போய்க் குடி. மலைக்காரர்களுக்கு அதுதான் இடம்."

மந்தி களுக்கென்று சிரித்தது. மான் தன் குளம்பையே பார்த்துக்கொண்டது. கரடி கீழே இறங்கிப் போய், எல்லாரும் கலக்கிவிட்ட தண்ணீரைக் குடித்தது.

ஆள்காட்டி அத்தனையையும் பார்த்தது. பார்த்துவிட்டு, மழை வருமா என்று யோசிப்பதுபோல வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

மயில் அதோடு விடவில்லை. மறுநாளும் அதையே சொன்னது. அதற்கு மறுநாளும் சொன்னது.

ஆள்காட்டிக்கு இரை இறங்கவில்லை. தூக்கம் வரவில்லை. பாடம் மண்டையில் ஏறவில்லை. பயிற்சியில் வாயைத் திறந்தால் 'கீச்' என்று ஒரு சத்தம்தான் வந்தது. வைத்தியர் மரங்கொத்தி வந்து, அலகு முதல் கால்வரை தட்டிப் பார்த்தது.

"காயமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. யாராவது உன்னை ஏதாவது சொன்னார்களா?"

"என்னை யாரும் சொல்லவில்லை. கரடியைத்தான் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றேன்."

"அப்படியானால் உனக்கு ஏன் வலிக்கிறது?"

"தெரியவில்லை வைத்தியரே. கண்ணை மூடினால் கரடி கீழே இறங்கிப் போகிறது."

மரங்கொத்திக்கு இதற்கு மருந்து தெரியவில்லை. பாவம், அது பறந்து போய்விட்டது.

ஏழாம் நாள் காலை, கரடி தண்ணீர் குடிக்க வரவில்லை. படிப்பை விட்டுவிட்டுத் தன் மலைக்கே திரும்பிப் போக ஓடையில் இறங்கியது.

மயில் விடுமா? "போகும்போதாவது கீழ்ப்பக்கமாகப் போ!" என்றது.

ஆள்காட்டி யோசித்தது. கத்தினால் தன் படிப்பு போய்விடும். கத்தாவிட்டால் கரடி போய்விடும்.

கத்தியது!

குழந்தைகளே, அந்தக் குரலை நான் என்னவென்று சொல்வேன்! மருத மரத்தின் இலைகளெல்லாம் நடுங்கின. மேய்ந்துகொண்டிருந்த காடு முழுவதும் ஒரே நொடியில் தலை நிமிர்ந்தது. கல்லூரித் தலைவி யானை, தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிட்டது.

"புலி எங்கே?" என்று கேட்டது யானை.

"புலி இல்லை அம்மா."

"இல்லாமலா கத்தினாய்? விதி தெரியுமல்லவா?"

"தெரியும் அம்மா. ஆனால் ஏழு நாளாக நம்மில் ஒருவரை மயில் சொல்லால் கடித்துக் குதறுகிறது. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இதற்குக் கத்தக் கூடாதென்றால் எனக்கு இந்தப் படிப்பே வேண்டாம்!"



"எனக்கும் தூக்கம் இல்லை. புல் கசக்கிறது," என்றது மான் மெதுவாக.

"சிரித்தேனே, அன்றிலிருந்து என் வயிறு சரியில்லை," என்று மந்தி முகத்தை மூடிக்கொண்டது. "எனக்கும்" என்றது புதருக்குள் இருந்த முயல். "எனக்கும்", "எனக்கும்" என்று மரத்துக்கு மரம் குரல் வந்தது. அடடா, ஒரு காடே நோயில் கிடந்திருக்கிறது, ஒருவருக்கொருவர் தெரியாமல்!

யானை காலைக் கீழே வைத்தது. "இந்தக் குரல் வீண் குரல் இல்லை," என்றது. மயிலின் தோகை தானாகச் சுருங்கியது.

நடு ஓடையில் நின்ற கரடி திரும்பிப் பார்த்தது. "யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன்," என்றது.

"எல்லாரும் பார்த்தோம்," என்றது ஆள்காட்டி. "அதுதான் எங்களுக்கு வெட்கம்."

கரடி திரும்பி வந்தது. பிறகு கரையேறி, ஓடையின் மேல்பக்கம் நடந்து போய், தெளிந்த தண்ணீரைக் குடித்தது. ஆள்காட்டியும் பக்கத்தில் போய் நின்று குடித்தது. ஏழு நாளில் அதற்கு நிம்மதியாக இறங்கிய முதல் வாய் தண்ணீர் அதுதான்.

நீதி: ஒருவரை இழிவுபடுத்துவதைப் பார்த்தும் பேசாமல் நின்றால், அந்தக் காயம் பார்த்தவருக்கும் சேர்த்துத்தான்.