பதினேழாவது சப்போட்டா விதை

கண்ணை மூடிக்கோ தங்கம், சொல்றேன். ஆனா இந்தக் கதையை எனக்குச் சரியாச் சொல்ல வருமான்னுதான் பயமா இருக்கு. விதைக் கணக்கை மாத்திச் சொல்லிட்டேன்னா கதையே கவுந்துடும், உள்ள இருக்குற ஒரு தாத்தா பட்டினி கிடக்க வேண்டியதாயிடும். அதனால பதினேழு. நீயும் மனசுல வச்சுக்கோ, பதினேழு. நடுவுல நடுவுல ம் சொல்லு, அப்பத்தான் எங்கே விட்டேன்னு எனக்குத் தெரியும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தாளாம், எதுக்கெடுத்தாலும் பயப்படுற மருமக. பேரு ஆவுடையம்மா. ஊரு தென்காசிப் பக்கம். கேஸை மூடிட்டு வாசல் வரைக்கும் போவா, திரும்பி வந்து மூடின கேஸை மறுபடி மூடுவா. கதவைப் பூட்டிட்டுப் பூட்டை நாலு தடவை தொங்கித் தொங்கிப் பாப்பா. அவ புருஷன் லாரி ஓட்டுறவன், வடக்கே போயிருந்தான். வீட்டுல அவளும் அவ மாமனாரும்தான். மாமனார் பேரு குத்தாலிங்கம்.

அந்தக் குத்தாலிங்கம் தாத்தாவுக்கு வாயில மிச்சம் இருந்தது ஆறே ஆறு பல்லு. ஆறும் ஆடிக்கிட்டு இருந்துச்சு. பல் டாக்டர் என்ன பண்ணாரு, ஒரே நாள்ல டக்கு டக்கு டக்குன்னு ஆறையும் பிடுங்கிட்டாரு. பிடுங்கிட்டு ஆவுடையம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாரு, "பாரும்மா, சூடா எதுவும் கூடாது. மெல்றது எதுவும் கூடாது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவும் கூடாது, ரத்தம் வந்துடும். குளுகுளுன்னு, வழவழன்னு ஏதாவது கரண்டியில குடு. சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. வெறும் வயித்துல போட்டா குடலைப் புரட்டிடும்."

ம் சொல்லு.

"ம்."

தாத்தா வீட்டுக்கு வந்தாரு, வாயை மூடினாரு, அவ்வளவுதான். ஆறின கஞ்சி கொண்டு வந்தா, "எனக்கென்ன சீக்கா? கஞ்சி எனக்கு வேண்டாம்"னாரு. மோர் சோத்தைக் கரைச்சு வந்தா, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டாரு. ஒன்றரை நாளாச்சு. கன்னம் பொதபொதன்னு வீங்கிக் கிடக்கு. மாத்திரை அட்டை அப்படியே இருக்கு. டாக்டருக்குப் போன் பண்ணினா, "இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள மாத்திரை உள்ள போகணும்மா, இல்லைன்னா கூட்டிட்டு வந்து படுக்க வச்சு ஊசியிலதான் ஏத்தணும்"னு சொல்லிட்டாரு. ஊசின்னா தாத்தாவுக்கு நடுக்கம். ஆவுடைக்கு அதைவிட நடுக்கம். புருஷன் வந்து கேட்டா என்ன சொல்றது?

முந்தின நாளே அவ ஒரு வேலை செஞ்சு வச்சிருந்தா. தாத்தாவுக்குச் சப்போட்டான்னா உசுரு. அஞ்சு பழத்தைத் தோல் சீவி, விதை எடுத்து, துண்டு போட்டு ஃப்ரீசர்ல வச்சா. பாலைக் காய்ச்சி ஆற வச்சு, ஆடையோட ஒரு கிண்ணத்துல ஊத்தி அதையும் வச்சா. எடுத்த விதையை ஒண்ணொண்ணா எண்ணி ஒரு தட்டுல போட்டு ஜன்னல் ஓரமா வச்சா. எத்தனை?

"பதினேழு."

சமத்து! கறுகறுன்னு, பளபளன்னு, நுனியில கொக்கி மாதிரி வளைஞ்சு பதினேழு விதை. ஒரு கொக்கி புண்ணுல மாட்டினா என்னாகும்? அதான் எண்ணி வச்சா. ஏலக்காய்கூடப் போடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டா, அதுல தோல் கிடக்குமேன்னு.

அப்புறம், காலையில பாலை எடுத்துப் பாத்தா கல்லு! கிண்ணத்தைக் கவுத்துத் தண்ணியைக் காட்டித் தட்டினா, தொப்புன்னு விழுந்துச்சு. குழவியால டமார் டமார்னு ரெண்டு போட்டா, நாலு துண்டாச்சு. நாலையும் பழத்தையும் மிக்ஸி ஜார்ல அடைச்சுத் திருகினா. கட கட கட கட... ஙொய்ய்ங்... டப்! மிக்ஸி நின்னுபோச்சு.

ஆவுடைக்கும் மூச்சு நின்னுபோச்சு. "ஐயையோ, மோட்டார் காயில் கருகிப் போச்சு!" முகர்ந்து பாத்தா, கருகின வாசம் இல்ல. அப்போதான் மிக்ஸி ரிப்பேர்க்காரர் என்னைக்கோ சொன்னது ஞாபகம் வந்துச்சு. மெதுவா மிக்ஸியைத் தூக்கி அடியில விரலை விட்டுத் துழாவினா. குட்டியா ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினா. க்ளிக்! திருகினா. விர்ர்! அப்பாடா.

ஆனா உள்ள இருக்குறது அரையணுமே? துண்டெல்லாம் ஜாருக்குள்ள கல்லாட்டம் ஆடுது. "பால் விட்டா இளகும்"னு விட்டா. இன்னும் கொஞ்சம் விட்டா. கழுத்து வரைக்கும் விட்டுட்டா. மூடியை வச்சுட்டுத் திருகினாளா? சொய்ய்ங்... பட்! மூடி ஒரு பக்கம் பறக்குது, பால் ஒரு பக்கம் பறக்குது. காலண்டர் மேல சொட்டுது, கொண்டை மேல சொட்டுது.

முன் ரூம்ல கட்டில்ல உக்காந்திருந்த தாத்தாவுக்குப் பல்லு இல்லாததால பேச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தா வருது. "ஏம்மா ஆவுடை, சமைக்கியா, வீட்டை இடிக்கியா?"

அவரோட எப்பவும் உக்காந்திருக்குற கூட்டாளி சொரிமுத்து, "இடிச்ச வரைக்கும் போதும்னு சொல்லு குத்தாலம், நான் தினம் வந்து உக்காரணும்லா"ன்னாரு. ரெண்டு கிழமும் கெக்கெக்கேன்னு சிரிக்குது.

மணி பதினொண்ணு ஆச்சு. ஆவுடை கண்ணைத் தொடச்சுக்கிட்டா. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

சரி, மூணாவது தடவை. சிந்தினது போக மிச்சம் இருந்தது பாதிப் பழத்துண்டும் பாதிப் பால் துண்டும்தான். இதுவும் போனா வேற கிடையாது. அவசரப்படல. முதல்ல பழத்தை மட்டும் போட்டா, கொஞ்சமா. உள்ளங்கையால மூடியை அழுத்திப் பிடிச்சுக்கிட்டா. விர்... நிறுத்து. விர்... நிறுத்து. கரண்டியால கீழே தள்ளு. அப்புறம் பால் துண்டை ஒண்ணொண்ணாப் போட்டா. கட கடன்னு இருந்த சத்தம் கர கரன்னு ஆச்சு, கர கரன்னு இருந்தது கொழ கொழன்னு ஆச்சு. மூடியைத் திறந்தா, அடடா! இப்பதான் திரண்ட வெண்ணெய் மாதிரி, இளம் பழுப்பா, கரண்டியை நட்டா நிக்குது. ஜில்லுன்னு ஆவி பறக்குது.

தம்ளர்ல ஊத்தி, சின்னக் கரண்டி போட்டுக் கொண்டு போய் நீட்டினா. தாத்தா ஓரக்கண்ணால பாத்தாரு. ஒரு கரண்டி வாயில வச்சாரு. வீங்கின கன்னம் அப்படியே அடங்கின மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது கரண்டி. மூணாவது.

ஆவுடை ஓடி வந்து அடுப்படியைத் துடைச்சா. ஜன்னல் ஓரத் தட்டை எடுத்தா. அவளுக்குத்தான் ரெண்டாம் தடவை எண்ணாம இருக்க முடியாதே? எண்ணினா. ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினாறு. மறுபடி எண்ணினா. பதினாறு!

அப்போ இன்னொண்ணு? ஜார்லயா? தம்ளர்லயா?

"மாமா! நிறுத்துங்க!"

தடதடன்னு ஓடி, தாத்தா கையில இருந்த தம்ளரை வெடுக்குன்னு பிடுங்கிட்டா. ஒன்றரை நாள் பட்டினிக்குப் பிறகு அஞ்சாவது கரண்டி! தாத்தா வாயைப் பொளந்தது பொளந்தபடியே இருக்காரு.

"மூடாதீங்க மாமா, அப்படியே இருங்க. விதை ஒண்ணு குறையுது. எங்கயாவது குத்துதா?"

டார்ச்சை எடுத்து வாய்க்குள்ள அடிச்சா. மேல பாத்தா, கீழ பாத்தா. "நாக்கைத் தூக்குங்க." தாத்தா "ஆ... ஆ..."ங்குறாரு. கையை இப்படி ஆட்டுறாரு, அப்படி ஆட்டுறாரு. "ஐயோ வலிக்குதா மாமா?" தாத்தா இல்லைன்னு தலையை ஆட்டினா வெளிச்சம் தப்புதுன்னு தாடையைப் பிடிச்சுக்கிட்டா.

அப்புறம் "வாயை மூடிடாதீங்க"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்கு ஓடி, டீ வடிகட்டியை எடுத்துத் தம்ளர்ல இருந்ததைக் கொட்டினா. அது கெட்டி, இறங்குமா? கரண்டியால தேய் தேய்னு தேய்ச்சா. வடிகட்டியில கறுப்பா ஒரு பொட்டுகூட இல்ல. ஜார்ல இருந்ததையும் தேய்ச்சா. அதுலயும் இல்ல. "அப்போ முழுங்கிட்டாரு! கொக்கியோட முழுங்கிட்டாரு!"

அப்போ முன் ரூம்ல இருந்து சொரிமுத்து கூப்பிட்டாரு. "எம்மா, அவன் வாயை விட்டுட்டு அவன் கையைப் பாரு. எவ்வளவு நேரமா காமிச்சுக்கிட்டு இருக்கான்!"

ஆவுடை திரும்பி வந்து பாத்தா. தாத்தா விரல் கட்டிலைக் காட்டுது. கட்டில்ல சாக்பீஸால கோடு போட்ட பலகை. ஆடுபுலி ஆட்டம். மூணு புலிக்கு மூணு கூழாங்கல்லு, ஆட்டுக்குப் புளியங்கொட்டை. பதினஞ்சு ஆட்டுல பதினாலுதான் புளியங்கொட்டை. பதினஞ்சாவது ஆடு கறுகறுன்னு, பளபளன்னு, நுனி வளைஞ்சு உக்காந்திருக்கு.

"ஒரு ஆடு தொலைஞ்சுபோச்சும்மா," தாத்தா புஸ்ஸு புஸ்ஸுன்னு சொன்னாரு. "காலையில நீ குளிக்கப் போனியா, தட்டுல இருந்து ஒண்ணு எடுத்துக்கிட்டேன். சொல்லலாம்னா நீ வாயை மூட விட்டாத்தானே?"

ஆவுடை அப்படியே தரையில உக்காந்துட்டா. சிரிப்பு வருது, அழுகையும் வருது. எது முதல்லன்னு தெரியல. நெஞ்சுல வச்சிருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிட்டுப் போன மாதிரி இருந்துச்சு.

தாத்தா அந்த விதையை எடுத்து அவ உள்ளங்கையில வச்சாரு. "இந்தா, ஆட்டை நீ வச்சுக்கோ. தம்ளரை இங்க குடு."

"அப்போ ஆட்டம்? இன்னும் ரெண்டு வெட்டுல என் புலி ஜெயிக்கும்லா!"ன்னு சொரிமுத்து கத்துறாரு. யாரு கேக்குறா? தாத்தா வடிகட்டினதைப் பூராவும் வழிச்சு வழிச்சுத் தின்னாரு. மேல் உதட்டுல பழுப்பு மீசை. "மாத்திரை எங்கே?"ன்னு அவரே கேட்டாரு. போட்டாரு. படுத்தாரு. கொர்ர்ர்... சாயங்காலம் எந்திரிச்சுப் பாத்தா வீக்கம் பாதி வடிஞ்சிருக்கு. ஊசியும் இல்ல, ஒண்ணும் இல்ல.

ம் சொல்லு தங்கம்.

"...ம்."

கொஞ்சம்தான் இருக்கு. அன்னைக்குச் சாயங்காலம் குப்பை வண்டி வந்தப்போ, ஆவுடை பதினேழு விதையையும் எண்ணி ஒரு தாள்ல மடிச்சா, தன் கையாலயே வண்டியில போட்டா. வண்டி முக்கு திரும்புற வரைக்கும் நின்னு பாத்தா. அப்புறம் கடைக்குப் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினா. வாழைப்பழத்துல விதையே கிடையாது பாரு, எண்ண வேண்டியதே இல்ல. மறுநாள்ல இருந்து தாத்தாவுக்கு உறைஞ்ச வாழைப்பழமும் உறைஞ்ச பாலும்தான். கொழ கொழன்னு அரைச்சு எடுத்தா. எடுத்துட்டு, விதையே இல்லாத அந்த வாழைப்பழத்தையும் டீ வடிகட்டியில ஊத்தி, தேய் தேய்னு தேய்ச்சு, வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துட்டுத்தான் குடுத்தா.

கதையும் வடிஞ்சுபோச்சு, கரண்டியும் காலி. தூங்கு கண்ணு.