வேலை செய்யாத கால்

"ஆசானே, ஒன்பதும் எனக்கு மனப்பாடம். இன்னும் எத்தனை நாளைக்கு எண்ணெய்ச் சட்டி கழுவணும்?"

கேட்டவர் ஏசுவடியான். வயது ஐம்பத்திரண்டு. தனியார் பஸ்ஸில் இருபத்தேழு வருஷம் கண்டக்டராக நின்று, கால் வீங்கி, போதும் என்று முதலாளியால் இறக்கிவிடப்பட்டவர்.

ஆசானுக்கு வயது முப்பத்துநான்கு. பெயர் ரோஸ்லெட். அப்பாவுக்குப் பிறகு மார்த்தாண்டம் பக்கம் அந்த வைத்தியசாலையை நடத்துகிறவள். ஒரு பெண்ணை ஆசான் என்று கூப்பிடலாமா என்று ஊரில் ஒரு வருஷம் பேசினார்கள். பிறகு பேசியவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராக இடுப்பு பிடித்துக்கொண்டது. பேச்சு நின்றுவிட்டது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆசான் கை தரும்வரை சீடன் தனியாக ஒரு நோயாளியையும் தொடக் கூடாது. கூட நின்று பிடித்துவிடலாம், எண்ணெய் காய்ச்சலாம், பலகையைத் துடைக்கலாம். ஏசுவடியான் இரண்டு வருஷமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவருக்கு அவசரம். நாகர்கோவிலில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் வாட்ச்மேன் வேலைக்கு மச்சான் சொல்லிவைத்திருந்தார். ஒன்றாம் தேதி போய் நாற்காலியில் உட்கார வேண்டும். ஆயுசு முழுக்க ஊரையே ஏற்றி இறக்கியவர், மீதிக் காலத்தில் பிறத்தியார் கேட்டைத் திறந்து மூடுவதா? அதற்குள் ஆசான் கை தந்துவிட்டால் போக வேண்டியதில்லை. எப்படியும் வாங்கிவிடுவது என்று அவர் மனதுக்குள் தீர்மானம் செய்திருந்தார்.

"ஒன்பதும் சொல்லுங்க பாப்போம் அண்ணாச்சி," என்றாள் ரோஸ்லெட்.

"தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல்."

உடம்பைப் பிடித்துவிடும் முறைகள் ஒன்பதையும் நாகர்கோவில் போகும் வழியிலுள்ள நிறுத்தங்களைப்போல ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"இதுல எதை எப்ப செய்யணும்?"

"எங்க வலிக்குதோ அங்க அழுத்தணும். எவ்வளவு வலிக்குதோ அவ்வளவு அழுத்தணும். மத்ததெல்லாம் அதுக்குப் பொறவு."

ரோஸ்லெட் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்த குன்றைக் காட்டினாள். உச்சியில் சிலுவை நட்ட ஒரு குருசடி இருந்தது.

"அங்க போய்ட்டு வாங்க. நாலு தடவை."

ஏசுவடியான் ஏன் என்று கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நாலு தடவை என்றால் அவருக்கு ஐந்து தடவை. அப்படிப்பட்ட ஆள்.

*

மறுநாள் அவரால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை.

அதற்கு மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வாசலில் இருந்த மூன்று படிகளையும் பின்பக்கமாகத் திரும்பி ஏறினார். பார்க்கப் பாவமாக இருந்தாலும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

ரோஸ்லெட் பலகையைத் தட்டிக் காட்டினாள். இரண்டு வருஷமாகத் துடைத்த பலகையில் அவர் முதல்முறையாகப் படுத்தார்.

"எங்க வலிக்குது?"

"தொடையில."

"எவ்வளவு?"

"உயிரு போகுது."

"அப்ப உயிரு போற அளவுக்கு அழுத்திருவோம்."

ஏசுவடியான் எழுந்து ஓடப் பார்த்தார். கால் ஓட விடவில்லை. லேசாகத் தடவினால் போதும், விரலை மட்டும் ஊன்றிவிட வேண்டாம் என்று கெஞ்சினார்.

அவள் வெதுவெதுப்பான எண்ணெயை ஊற்றி, உள்ளங்கையைப் பரப்பி, முழங்காலிலிருந்து மேல்நோக்கி மெதுவாகத் தடவினாள். அழுத்தவும் இல்லை, முறுக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கண் சொருகியது.

"இது ஒன்பதுல எது ஆசானே?"

"குன்று ஏறின காலுக்கு உள்ளது," என்றாள்.

*

அன்றிலிருந்து ஏசுவடியான் வாசலுக்கு வந்துவிட்டார். வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். நேற்று என்ன வேலை பார்த்தீர்கள்?

ரப்பர் பால் வெட்டுகிற ஞானசெல்வம் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நேற்று என்ன, பத்து வருஷமாகக் குனிந்தும் நிமிர்ந்தும் ஒரே பக்கமாகக் கத்தியை இழுக்கிறேன் என்றாள். அவள் தோளில் சதை முடிச்சு விழுந்து கல்லாகிக் கிடந்தது. அதை ஆசான் கட்டைவிரலால் நின்று நிதானமாக அழுத்தி இளக்கினாள்.

தையல்காரர் ஒருவர் கழுத்துத் திரும்பாமல் வந்தார். அவருக்கு அழுத்தமே இல்லை. வெறும் பிடித்தலும் அசைத்தலும்தான்.

மரச்சீனிக் கிழங்கு மூட்டை தூக்கும்போது இடுப்பில் வெடுக்கென்று ஏதோ பிடித்துக்கொண்டதாக ஒருவர் அன்று காலையே ஓடிவந்தார். ஆசான் அவரைத் தொடவே இல்லை. பற்றுப் போட்டு, மூன்று நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஏசுவடியான் எல்லாவற்றையும் பார்த்தார். வீட்டில் சோறு தின்னும்போதும் அதே யோசனை. மகள் ஏதாவது கேட்டால், நேற்று என்ன வேலை பார்த்தாய் என்று திருப்பிக் கேட்டார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. அவர் மறுபடியும் ஆசான்முன் போய் நின்றார். இந்த முறை எதையும் ஒப்பிக்கவில்லை.

"ஆசானே, ஒண்ணாம் தேதி நான் போவணும். இல்லேன்னா இங்க நிக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

ரோஸ்லெட் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நாளைக்கு முதல்ல வாற ஆளு உங்க ஆளு. என்ன செய்யணும்னு நீங்களே முடிவு செய்யுங்க. நான் வாய் திறக்க மாட்டேன். சரியா இருந்தா கை தாறேன்."

"சரியில்லேன்னா?"

"நாகர்கோவில் பஸ்ஸுக்கு உங்களுக்கு வழி தெரியாதா?"

*

மறுநாள் பத்து மணிக்கு அந்த ஆள் வந்தார். பெயர் சுயம்புலிங்கம். அறுபது வயது இருக்கும். இடது காலை இழுத்து இழுத்துப் படியேறினார்.

"இங்க நல்ல கைபலம் உள்ள ஆளு ஒருத்தரு உண்டுன்னு கேட்டு வந்தேன்."

இதுவரை யாரும் ஏசுவடியானை அப்படித் தேடி வந்ததில்லை. அவர் கழுத்து தானாக நிமிர்ந்தது.

"நான்தான்," என்றார்.

சுயம்புலிங்கம் பலகையில் படுத்தார். கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டதாம். மறுநாள் தங்கச்சி மகளுக்குக் கல்யாணமாம், தாய்மாமன் நின்றுதான் ஆக வேண்டுமாம். நன்றாக நாலு அழுத்து அழுத்தினால் சரியாகிவிடும் என்று வைத்தியத்தையும் அவரே சொல்லிவிட்டார்.

ரோஸ்லெட் அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து எண்ணெயைக் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

ஏசுவடியான் கையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு காலில் வைத்தார். வலது கால் சாதாரணமாக இருந்தது. இடது கெண்டை சுட்டது. தோல் விம்மி மினுமினுத்தது. லேசாகத் தொட்ட இடத்தில் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது.

"நேத்து என்ன வேலை பாத்தீங்க?"

"வேலையா? ராத்திரி முழுக்க பஸ்ஸுல இருந்தேன். பெங்களூருல எனக்க மகன் வீட்ல இருந்து வாறேன்."

"அதுக்கு முந்தி?"

"குடலிறக்கம்னு ஆபரேஷன் செஞ்சாங்க. மூணு வாரம் படுக்கை. மருமக தரையில காலு வைக்க விடல்ல. நீங்க அழுத்துங்க."

ஏசுவடியானின் கை நின்றது.

இந்தக் கால் குன்று ஏறவில்லை. மூட்டை தூக்கவில்லை. எங்கும் இடறவில்லை. மூன்று வாரமாகப் படுத்தே கிடந்திருக்கிறது, அப்புறம் ஒரு ராத்திரி தொங்கிக் கிடந்திருக்கிறது. வேலையே செய்யாத காலுக்குச் சதை வலி எங்கிருந்து வரும்?

ஒன்பதையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டினார். இந்தக் கால் எதிலும் இறங்கவில்லை.

அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வாய் திறக்க மாட்டேன் என்று ஆசான் சொல்லியாயிற்று. அவருக்குப் பயம் வந்தது. அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாத பயம் ஒன்று. அழுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்த பயம் இன்னொன்று. இன்று எழுந்துவிட்டால், நாளை மறுநாள் அந்த நாற்காலி.

கையை எடுத்தார்.

"இதை நான் தொட மாட்டேன். இது சதை வலி இல்ல. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

சுயம்புலிங்கத்துக்கு வந்ததே கோபம். கைபலம் என்று சொன்ன ஆட்களையும் சேர்த்துத் திட்டினார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியைப் பார்த்தது போதாதா என்று கேட்டார். ஜங்ஷனில் இன்னொரு ஆள் இருக்கிறான், அவன் கேள்வி கேட்காமல் அழுத்துவான், அங்கே போகிறேன் என்று எழுந்தார்.

ஏசுவடியான் போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். எத்தனையோ பேர் திட்டியும் ஓடுகிற பஸ்ஸில் படிக்கட்டை விட்டு நகராதவர் அவர்.

"என்ன வேணும்னாலும் திட்டுங்க. ஆனா நீங்க போய் இறங்குறது ஆஸ்பத்திரி வாசல்லதான்."

சுயம்புலிங்கம் தளர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் கால் உள்ளுக்குள் பயம் காட்டியிருக்க வேண்டும்.

துண்டை எடுக்கப் பலகைப் பக்கம் பார்த்தபோதுதான் ஏசுவடியான் கவனித்தார். ரோஸ்லெட் அடுப்படியில் இல்லை. பலகையருகே அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஓரடி பின்னால் நின்றிருந்தாள். அவள் வலது கை, ஒரு மணிக்கட்டைப் பிடிப்பதற்கு நீட்டியதுபோல, பாதியில் நின்றிருந்தது.

அவள் கையை இறக்கிக்கொண்டு ஆட்டோ கூப்பிடப் போனாள்.

*

ஏசுவடியான் சாயங்காலம்தான் திரும்பினார். காலையில் கட்டிய வேட்டி கசங்கியிருந்தது. மதியம் சாப்பிடவில்லை.

ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொன்னார்களாம். உடனே படுக்க வைத்து மருந்து ஏற்றுகிறார்களாம். யாராவது அழுத்திவிட்டார்களா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டாராம். அழுத்தியிருந்தால் அந்தக் கட்டி கிளம்பி நெஞ்சுக்கு ஏறியிருக்கலாம் என்றாராம். கல்யாணத்துக்குப் போக முடியாது. ஆள் பிழைத்துக்கொள்வார்.

எல்லாம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒன்பதுல ஒண்ணும் செய்யல்ல ஆசானே. அது என்ன நோவுன்னும் எனக்குத் தெரியல்ல. மச்சான்கிட்ட வாறேன்னு சொல்லிருதேன்."

"வர மாட்டேன்னு சொல்லுங்க. நாளைக்கு எட்டு மணிக்கு ஞானசெல்வம் வருவா. அவளுக்க தோளை நீங்க பாருங்க."

ஏசுவடியானுக்கு அது காதில் விழுந்து மனதில் இறங்கச் சற்று நேரம் ஆனது. இரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. கண் நிறைந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு, காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"ஆசானே, நீங்க எப்ப எனக்குப் பின்னால வந்து நின்னீங்க?"

"நீங்க எண்ணெய் எடுத்தப்பவே."

"அவரு ஒண்ணும் சொல்லல்லியே அதுக்குள்ள. எப்படித் தெரிஞ்சுது?"

ரோஸ்லெட் அடுப்பில் எரிந்த விறகை இழுத்து வெளியே போட்டாள்.

"எனக்க அப்பா எனக்குக் கை தந்த மறுநாள், இதே மாதிரி ஒரு காலு வந்துது அண்ணாச்சி. எனக்கும் அப்ப ஒன்பதும் மனப்பாடம்."

அவள் விறகின்மேல் தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

"நான் அழுத்தினேன்."