மூணேகால்பட்டிக் குழு கேம் படம் பார்த்த கதை

மூணேகால்பட்டியில் நாலு பேர் ஒரு படம் பார்க்க உட்கார்ந்தார்கள். படம் ஒன்றரை மணி நேரம். ஒன்பது நாள் ஆயிற்று. பார்த்தபாடில்லை. அதுவரை இசக்கியம்மாளின் கடை பூட்டிக் கிடந்தது.

ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்காதீர்கள். முன்னே நாலு பட்டியாக இருந்ததாம். முக்கால் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. தேடவும் இல்லை.

இசக்கியம்மாள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வீடியோ கேம் கடை வைத்திருந்தாள். எட்டுத் திரை, எட்டு நாற்காலி, ஒரு ஜன்னல், ஒரு ஷட்டர். புருஷன் இல்லை. அந்தக் கடைதான் சோறு. ஒரு வியாழக்கிழமை ஊர்க்கூட்டத்தில் எவனோ, "கேம் கடையால பிள்ளையள் கெட்டுப் போவுது" என்றான். எந்தப் பிள்ளை, எப்படிக் கெட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் கூட்டம் நீண்டுவிடும். கடையைப் பூட்டு, பெட்டிகளைப் பழைய சாமான் லாரியில் ஏற்று என்று தீர்மானம் ஆயிற்று. லாரி அடுத்த வாரம் சனிக்கிழமை வரும்.

இசக்கியம்மாள் எழுந்தாள்.

"ஏத்துததுக்கு முந்தி இது என்ன ஏதுன்னு தெரிஞ்சிக்கிடுங்க பெரியப்பா. கேமைப் பத்தியும் அதை விளையாடுத ஆட்களைப் பத்தியும் தமிழ்லயே ஒரு ஆவணப்படம் எடுத்திருக்காவ. அதைப் பாருங்க. பாத்துட்டுக் குப்பைன்னு சொன்னியன்னா, நானே லாரியில ஏத்தி விடுதேன்."

ஊர் ஒரு குழு போட்டது. படம் பார்க்கத் தகுந்ததா என்று குழு சொல்ல வேண்டும். தகுந்தது என்றால் கடை திறக்கும். இல்லை என்றால் லாரி. முடிவு தெரியும் வரை கடை பூட்டியே இருக்க வேண்டும்.

தலைவர் நம்பிராசன். அவரிடம் மூக்குக் கண்ணாடி இருந்தது, அதனால் தலைவர். அடுத்து, பத்திரம் எழுதும் பேச்சியப்பன். அடுத்து, ஏழாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்த சுடலைமணி. நாலாவது சங்கரபாண்டி. அவர் பேசமாட்டார். கூட்டத்தில் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தார். சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை. இசக்கியம்மாள் ஒரு பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனாள். நாலு பேரும் மேசையைச் சுற்றி நின்று அதைப் பார்த்தார்கள்.

"பாத்தாச்சு" என்றார் நம்பிராசன். "நல்லாத்தான் இருக்கு."

"இது வெளிப்பக்கம் அண்ணாச்சி. படம் உள்ள இருக்கு" என்றார் சுடலைமணி.

பேச்சியப்பன் கையை நீட்டி இருவரையும் தடுத்தார். "யாரும் தொடாதீங்க. ஆவணப்படம்னு சொன்னாள்லா? ஆவணம்னா என்ன? பத்திரம். இருவத்தேழு வருசமா எழுதுதேன், எனக்குத் தெரியாதா? வில்லங்கம் பாக்காம உள்ள போவக்கூடாது."

"கேம் படத்துல வில்லங்கம் இருக்குமா வே?"

"அதுக்குத்தானே கூட்டம் போட்டோம்?"

அது சரியாகப் பட்டது. பென்டிரைவைத் துண்டில் முடிந்துகொண்டு பேச்சியப்பன் பத்திர ஆபீசுக்குப் போனார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுத் தரும்படி கேட்டார். அங்கிருந்த எழுத்தர் பென்டிரைவைப் பார்த்தார். பேச்சியப்பனைப் பார்த்தார். அவருக்குச் சாப்பாட்டு நேரம். "நான்கெல்லை எழுதிட்டு வாரும்" என்று அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை எல்லை அளந்தார்கள். வடக்கே நம்பிராசனின் கண்ணாடிக்கூடு. தெற்கே மேசை விளிம்பு. மேற்கே சுவர். கிழக்கே சுடலைமணியின் டீ கிளாஸ். பேச்சியப்பன் அழகாக எழுதி முடித்துத் தலையைத் தூக்கினார். கிழக்கெல்லையைச் சுடலைமணி குடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லைக்கல்லைப் பிடுங்கிட்டீரே வே!"

"ஆறிப்போவும்லா?"

"இனி கிழக்கே யாரு?"

"கிழக்கே கிருஷ்ணன் டீக்கடை."

"அது ரோட்டுக்கு அந்தப் பக்கம். பென்டிரைவு அம்புட்டு தூரமா போவுது?"

கிழக்கெல்லைத் தகராறில் அன்றைய பொழுது போயிற்று. கடைசியில் பாதி டீயோடு கிளாஸை இருந்த இடத்திலேயே வைத்தார்கள். வாய்தா ஞாயிற்றுக்கிழமைக்கு. அதற்குள் கிளாஸில் எறும்பு ஏறி, கிழக்கே ஆக்கிரமிப்பு என்று ஆகிவிட்டது. வில்லங்கம் உண்டு என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

அடுத்த கேள்வியைக் கிளப்பியது தலைவர்.

"இந்தப் படம் பாக்கத் தகுந்ததான்னு நாம சொல்லணும். சரி. தகுந்ததான்னு தெரியாம எப்படிப் பாக்கது?"

"பாத்தாத்தானே தெரியும் அண்ணாச்சி?"

"பாத்த பெறவு தகாத படம்னு தெரிஞ்சா? நாலு பேரும் தகாத படம் பாத்தவங்க ஆயிருவோம். ஊருல தலை காட்ட முடியுமா?"

"அப்ப பாக்கக்கூடாது."

"பாக்காம எப்படிச் சொல்லுவீரு?"

"அதைத்தான் நான் மொதல்ல கேட்டேன்."

"நீரு கேட்டதைத்தான் நான் திருப்பிக் கேக்கேன்."

ஞாயிறு போயிற்று. திங்களும் போயிற்று. பட்டணத்தில் இதற்கு இவ்வளவு நேரம் ஆவதில்லை. பார்க்காமலே சொல்லிவிடுகிறார்கள். மூணேகால்பட்டிக்காரர்கள் முட்டாள்கள், ஆனால் யோக்கியர்கள். மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

திங்கள் சாயங்காலம் பேச்சியப்பனுக்கு யோசனை வந்தது. "ஒருத்தர் பாக்கட்டும். அவரை நாம மூணு பேரும் பாப்போம். ஆளு கெட்டுப்போனாருன்னா மூஞ்சியில தெரியும்."

"கெட்டுப்போனா அந்த ஆளு கதி?"

மூன்று பேரும் சங்கரபாண்டியைப் பார்த்தார்கள். கெடுவதற்கு அவரிடம் பாக்கி எதுவும் இல்லை என்று ஒருமனதாக முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனார்கள். இசக்கியம்மாள் ஷட்டரைத் தூக்கினாள். நம்பிராசன் குழுவோடு உள்ளே போய்த் திரும்பி நின்றார்.

"பூட்டு."

"நீங்க உள்ள இருக்கீங்களே பெரியப்பா."

"முடிவு தெரியுற வரைக்கும் கடை பூட்டித்தான் இருக்கணும்னு தீர்மானம். எங்களுக்காக மாத்த முடியுமா? வெளியே பூட்டு. மத்தியானம் வந்து திற."

அவள் வெளியே பூட்டினாள். சங்கரபாண்டி திரைக்கு எதிரே உட்கார்ந்தார். சத்தம் மற்றவர்களைக் கெடுத்துவிடும் என்று அவர் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். மூன்று நாற்காலிகளை அவர் முகத்துக்கு நேரே, திரைக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டார்கள். பேச்சியப்பன் எழுதினார்.

முதல் நிமிஷம்: கண் திறந்திருக்கிறது. நாலாம் நிமிஷம்: மூக்கைச் சொறிகிறார். ஒன்பதாம் நிமிஷம்: சிரிக்கிறார் அல்லது கொட்டாவி. பதினோராம் நிமிஷம்: தூங்குகிறார்.

மத்தியானம் வரை தூங்கினார். மூன்று பேரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

"படம் அமைதியாத்தான் இருக்கு" என்றார் நம்பிராசன். "இதுல பிள்ளையளைக் கெடுக்க என்ன இருக்கு?"

"வாயைத் திறந்து தூங்குதாரு. ஈ போயிட்டு வருது. அந்தக் காட்சி வேண்டாம்" என்றார் பேச்சியப்பன்.

"அதை மட்டும் வெட்டிரலாம்."

புதனும் வியாழனும் மறுபடி பார்த்தார்கள், சங்கரபாண்டியை. செய்தி பரவியது. ஊர் ஜன்னலுக்கு வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களிடம், "இப்ப என்ன செய்யுதாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்குப் பாருங்கள். எங்கோ ஒருவன் விளையாடினான். அதை ஒருவன் படம் எடுத்தான். படத்தைச் சங்கரபாண்டி பார்த்தார். அவரை மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று பேரை ஊரே பார்த்தது. இத்தனை பேரில் விளையாடியவன் ஒருத்தன். அவனைத்தான் கெட்டுப்போனவன் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை இசக்கியம்மாள் ஜன்னலில் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"பெரியப்பா, நாளைக்கு லாரி. நாற்காலியைத் திருப்பிப் போட்டு நீங்களே பாருங்க. கையெடுத்துக் கும்பிடுதேன்."

அவள் அழுதது நம்பிராசனை உலுக்கிவிட்டது. நாற்காலிகள் திரும்பின. படம் ஆரம்பித்தது. கறுப்புத் திரையில் சிவப்பாக இரண்டு இங்கிலீஷ் வார்த்தை வந்தது. சுடலைமணி கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டினார்.

"கேம் ஓவர். ஆட்டம் முடிஞ்சுதுன்னு போட்டிருக்கான்."

"அதுக்குள்ளயா?"

"சின்னப் படம் போலிருக்கு."

எழுந்து துண்டை உதறினார்கள். ஜன்னலில் இசக்கியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அது ஆரம்பம் பெரியப்பா! படமே அங்கதான் ஆரம்பிக்கு!"

"முடிஞ்சுதுன்னு எழுதிட்டு எவனாவது ஆரம்பிப்பானாம்மா? நீ படிச்ச பிள்ளை, இப்படிப் பேசலாமா?"

ஷட்டரைத் திறக்க வைத்துப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் அவள் விடவில்லை. நாலு பேரையும் வீடு வீடாகப் போய் இழுத்து வந்து உள்ளே தள்ளி, அவர்கள் சொல்லும் முன்னே தானே வெளியே பூட்டினாள். சிவப்பு எழுத்து வந்தது, போயிற்று. யாரும் எழவில்லை. தாடி வைத்த ஒருவன் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து பேசினான்.

"அந்த ஒரே நாள்ல எனக்கு நாப்பது உயிர் போச்சு."

நம்பிராசன் படத்தை நிறுத்தச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நாப்பதா?"

"அவன் வாயாலயே சொல்லுதான் அண்ணாச்சி."

"ஒரே வீட்டுல நாப்பது உயிரு. எவ்வளவு நிதானமா சொல்லுதான் பாத்தியரா? மனசு மரத்துப் போயிருக்கும்."

"வீட்டுல இல்ல அண்ணாச்சி. அவனுக்கேதான் போயிருக்கு. எனக்குன்னுதான் சொன்னான்."

ரெண்டு நிமிஷம் எழுந்து நின்று மௌனம் அனுசரித்தார்கள். நாப்பது உயிருக்கு ரெண்டு ரெண்டாக எண்பது நிமிஷம் நிற்க வேண்டாமா என்று சுடலைமணி கேட்டார். முழங்கால் வலியை முன்னிட்டு அது தள்ளுபடி ஆயிற்று.

"தீட்டு இருக்கே வே" என்றார் நம்பிராசன். "சாவு விழுந்த இடத்துல உக்காந்து படம் பாக்கலாமா? பதினாறு கழியட்டும்."

"ஒரு உயிருக்குப் பதினாறு நாளு. நாப்பது உயிருக்கு அறுநூத்தி நாப்பது" என்றார் சுடலைமணி. கணக்கில் அவர் புலி.

"பெரியப்பா, லாரி திருப்பத்துல வந்துட்டு!" என்று கத்தினாள் இசக்கியம்மாள்.

"அறுநூத்தி நாப்பது நாள் நிக்கச் சொல்லும்மா. நாங்க என்ன செய்ய?"

பொத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சங்கரபாண்டி. கை தவறிப் பட்டுவிட்டது. படம் மறுபடி ஓடியது. தாடிக்காரன் சிரித்தபடி, "ஆனா நான் விடல" என்றான்.

சங்கரபாண்டி வாயைத் திறந்தார். குழுவில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

"செத்தவன் எப்படிப் பேசுதான்?"

மற்ற மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு நாலு பேரும் ஷட்டரில் விழுந்தார்கள். உள்ளே இடிக்கிற இடியில் இசக்கியம்மாளுக்குப் பூட்டில் சாவி போகவில்லை. திறந்ததும் அவளைத் தாண்டி ஓடி, எதிரே பஞ்சர் கடைக்குப் பின்னால் போய் நின்றார்கள். சுடலைமணியின் ஒரு செருப்பு கடையிலேயே தங்கிவிட்டது.

லாரி வந்து நின்றது. லோடுமேன் ஒருவன் இறங்கி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கடைக்குள் போனான். இசக்கியம்மாள் ஷட்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஒரு பெட்டியும் வெளியே வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். பத்து நிமிஷம். மறுபடி அடித்தான். உள்ளே லோடுமேன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"பேய் ஆளைப் பிடிச்சிட்டு" என்றார் பேச்சியப்பன் பஞ்சர் கடைப் பின்னாலிருந்து.

"பாவம். பொண்டாட்டி பிள்ளை இருக்கும்" என்றார் நம்பிராசன்.

படம் முடிந்தது. லோடுமேன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். தூரத்திலிருந்தே நம்பிராசன் கேட்டார்.

"ஏ தம்பி, உசுரோடதான் வாரியா?"

"ஏன், எனக்கென்ன?"

"அந்தப் படம் பாக்கத் தகுந்ததா? மறைக்காம சொல்லு."

அவன் யோசித்தான். ஒன்பது நாளில் அந்தக் கேள்விக்கு ஒருவன் யோசித்தது அப்போதுதான்.

"மொத அரை மணி நேரம் இழுவை. ஆளாளுக்கு அலமாரி முன்னால உக்காந்து, நான் அம்புட்டு பெரிய ஆளு இம்புட்டு பெரிய ஆளுன்னு அளக்கான். ஓட்டி விட்டுரலாம். பெறவு ஒரு அம்மா வாரா. தனியா உக்காந்து பன்னெண்டு வருசமா ஒரு கேமைச் செஞ்சிருக்கா. யாரும் வாங்கல. அவ மவன் மட்டும் விளையாடுதான். அந்த இடம் நல்லாருந்துச்சு. கேமைப் பத்திப் பேசுததை விட அதை விளையாடிப் பாத்தா இன்னும் நல்லாருக்கும்னு தோணுச்சு. மத்தபடி, ஒரு தடவை பாக்கலாம்."

"பெட்டியள ஏத்தலியா?" என்றாள் இசக்கியம்மாள் தரையிலிருந்து.

"எல்லாம் ஓடுதே தாயி. ஓடுத சாமானை எவன் ஏத்துவான்? எங்களுக்கு ஓடாததுதான்." அவன் லாரியில் ஏறிப் போய்விட்டான்.

குழு பஞ்சர் கடைக்குப் பின்னாலேயே கூடியது. பார்க்கலாம் என்று சொல்லியாயிற்று. பார்க்கலாம் என்றால் தகுந்தது. தகுந்தது என்றால் கடை திறக்கும். இதில் தகராறு வரவில்லை. நம்பிராசன் சாவியை அவளிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். அது அவளிடம்தான் இருந்தது. சாயங்காலமே எட்டு நாற்காலியிலும் ஆள்.

மனசு குளிர்ந்துபோய் இசக்கியம்மாள் பென்டிரைவை எடுத்து வந்தாள். "இப்பவாவது நிம்மதியா உக்காந்து பாருங்க பெரியப்பா. ஊருக்கே போட்டுக் காட்டுதேன்."

பேச்சியப்பன் அதைப் பிடுங்கி, துணியில் சுற்றி, அரக்கு வைத்து முத்திரை குத்தினார்.

"விவரம் இல்லாத பிள்ளையா இருக்கியே! எத்தனை தடவை பாக்கலாம்னு சொன்னான்?"

பிறகு குழு நோட்டில் முடிவை எழுதினார். நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இன்றைக்கும் இசக்கியம்மாளைத் தவிர அந்த ஊரில் ஒருவரும் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்ததில்லை. நோட்டில் இப்படி இருக்கிறது:

'மேற்படி ஆவணப்படத்தை ஒரு தடவை பார்க்கலாம். மேற்படி ஒரு தடவையைப் பாக்கியில்லாமல் பார்த்து முடித்துவிட்டவர், லோடுமேன் பீர்மைதீன்.'